ரிப்போர்ட்டில் 452 என்று வந்தால்: யூரிக் அமிலமும் இதயமும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ மருத்துவ முகாம் நடந்தால், சில நாள் கழித்து ஒட்டுக்கடை மேசைகளில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் கைமாறத் தொடங்கும். இனிப்பு நீரும் (நீரிழிவு) கொலஸ்ட்ராலும் எல்லாருக்கும் பழகிப்போன வரிகள். கண்ணை உறுத்துவது யூரிக் அமிலம் என்ற வரிதான். 452 என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடினால், தமிழ்நாட்டிலிருந்து பேசும் ஒருவர் 7-ஐத் தாண்டினாலே ஆபத்து என்கிறார். ஏழுக்கே ஆபத்து என்றால் 452-க்கு என்ன கதி? போதாக்குறைக்கு, யூரிக் அமிலம் மாரடைப்பைக் கொண்டுவரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அதன் அடியிலேயே, அமிலத்தைக் கரைக்கும் மூலிகைத் தூளின் விலை.

இந்தப் பயத்தில் பாதி அலகுக் குழப்பம். அதை ஒரு வகுத்தல் கணக்கில் தீர்த்துவிடலாம். மறுபாதி உண்மையான கேள்வி: யூரிக் அமிலத்துக்கும் இதயத்துக்கும் என்ன உறவு? இதற்கு மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் வாதாடியிருக்கிறது.

முதலில் அலகு

இந்திய ஆய்வகங்கள் யூரிக் அமிலத்தை ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்கின்றன. மலேசியாவில் ஒரு லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல். நம் எண்ணை ஏறத்தாழ 60-ஆல் வகுத்தால் அவர்கள் எண் வந்துவிடும். 452 என்பது 7.6. கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் மூன்று:

1. ஏறத்தாழ 405, அதாவது 6.8 மில்லிகிராம். உடல் வெப்பத்தில் ரத்தத்தில் கரைந்து நிற்கக்கூடிய எல்லை இது. இதைத் தாண்டினால் படிகமாக மாற வாய்ப்பு உண்டு. வாய்ப்புதான், தாண்டிய எல்லாருக்கும் படிகம் உண்டாவதில்லை.
2. ஆண்களுக்கு 420, பெண்களுக்கு 360 என்ற அளவில் பெரும்பாலான ஆய்வகங்கள் மேல்வரம்பு வைக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவுவதால்தான் இந்த வேறுபாடு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அளவு ஏறத் தொடங்கும்.
3. 360-க்குக் கீழே. கௌட் என்ற மூட்டு நோய் இருப்பவர்களுக்கு மருத்துவர் வைக்கும் இலக்கு இது. கௌட் இல்லாதவர் இந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

அது எங்கிருந்து வருகிறது

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. மரபணுவின் ஒரு பகுதி அதனால் ஆனது. உடலின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யிலும் அது உண்டு. பழைய உயிரணுக்கள் சிதையும்போது பியூரினும் உடைந்து, கடைசியில் யூரிக் அமிலமாக முடிகிறது. உடலில் சேரும் யூரிக் அமிலத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படி உள்ளேயே உண்டாவது. சாப்பாட்டிலிருந்து வருவது மீதி ஒரு பங்கு.

பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிகேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை மேலும் உடைத்து, எளிதில் கரையும் பொருளாக்கிவிடும். மனிதனின் மூதாதையர்கள் அந்த நொதியைச் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இழந்துவிட்டார்கள். அதனால் நமக்கு அது முழுக்க முழுக்க வெளியேற்ற வேண்டிய கழிவு. மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் வெளியேற்றுகின்றன.

வீட்டு முன்னால் ஓடும் லோங்காங்கை, அதாவது சாக்கடைக் கால்வாயை, நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீர் ஏறினால் காரணம் இரண்டில் ஒன்று: மேலே மழை கூடியிருக்க வேண்டும், அல்லது கீழே எங்கோ அடைத்திருக்க வேண்டும். யூரிக் அமிலம் ஏறினால் நாம் உடனே மழையைத்தான் குறை சொல்கிறோம்: சாப்பாட்டில் என்ன தப்பு, எந்தக் கறியை நிறுத்துவது என்று. ஆனால் அளவு உயர்ந்தவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேருக்குப் பிரச்சினை அடைப்புதான். சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றவில்லை.

அடைப்பது யார்

இதய நலத்தோடும் இனிப்பு நீரோடும் யூரிக் அமிலம் கைகோக்கும் இடம் இதுதான்.

இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் கையாளும் ஹார்மோன். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, உடல் இன்சுலினுக்கு மசிய மறுக்கிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அப்படிக் கூடிய இன்சுலின் சிறுநீரகத்துக்குப் போய், வெளியேற வேண்டிய யூரிக் அமிலத்தைத் திரும்ப உறிஞ்ச வைக்கிறது. அதாவது, சர்க்கரை அளவு ரிப்போர்ட்டில் இன்னும் ஏறாத காலத்திலேயே யூரிக் அமிலம் ஏறிவிடலாம். என்னைக் கேட்டால், அந்த நட்சத்திரக் குறியின் மிகப் பெரிய பயன் இதுதான்: வரப்போகும் இனிப்பு நீருக்கு அது முன்கூட்டியே வரும் தகவல்.

மலேசியாவின் 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு, மற்ற பெரிய இனங்களைவிட மிக அதிகம். நம்மவர் ஒருவரின் ரிப்போர்ட்டில் யூரிக் அமிலம் உயர்ந்திருந்தால், முதலில் கண் போக வேண்டிய இடம் இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் ஆசியர்களுக்கு அபாய எல்லை.

அடுத்தது சர்க்கரை. நாம் போடும் சீனியில் சரிபாதி குளூக்கோஸ், சரிபாதி ஃபிரக்டோஸ். கல்லீரல் ஃபிரக்டோஸைப் பிரேக் இல்லாத வேகத்தில் கையாள்கிறது. அந்த அவசரத்தில் ஏ.டி.பி. கரைந்து, மிச்சமாகும் பியூரின் யூரிக் அமிலமாகிவிடுகிறது. இறைச்சியே தொடாதவருக்கும் யூரிக் அமிலம் ஏற இது ஒரு வழி. 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 320 மில்லி டின் ஒன்றில் 32 கிராம் சீனி, அதில் 16 கிராம் ஃபிரக்டோஸ். காலையில் தே தாரிக், பத்து மணிக்கு இன்னொன்று, மதியம் சிரப் பாண்டுங், மாலையில் ஒரு டின் என்று போனால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையில் அரசாங்கம் லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, 2024-இல் அதை 50 சென்னாக்கியது. டின்னுக்கு வரி உண்டு. ஒட்டுக்கடையில் கிளாஸில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு இல்லை.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதுபானம் யூரிக் அமிலத்தைக் கூடுதலாக உண்டாக்குவதோடு, வெளியேறும் வழியையும் மறிக்கும். பீரில் பியூரினும் சேர்ந்தே வருவதால் அது இன்னும் மோசம். தோட்டத்து மலிவு மதுவான சம்சுவைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து தண்ணீரும் குறைத்தால் யூரிக் அமிலம் தற்காலிகமாக ஏறும். விரதம் முடித்த மறுநாள் பரிசோதனைக்குப் போய்விட்டுச் சைவம் இருந்தும் ஏறிவிட்டதே என்று வருந்த வேண்டாம்.

மருந்துகளும் உண்டு. ரத்தக் கொதிப்புக்குத் தரும் நீர் மாத்திரை, குறிப்பாக ஹைட்ரோகுளோரோதயசைட், யூரிக் அமிலத்தை ஏற்றும். குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொஞ்சம் ஏற்றும். மாறாக, லோசார்டன் என்ற கொதிப்பு மாத்திரையும், இனிப்பு நீருக்கு இப்போது தரும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவையும் அதைக் குறைக்கும். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுவதுதான் வழி. நீர் மாத்திரையையோ ஆஸ்பிரினையோ தானாக நிறுத்துவது யூரிக் அமிலத்தைவிடப் பெரிய வில்லங்கம்.

ஒரே 452 இரண்டு பேருக்கு இரண்டு வேறு சேதி சொல்லலாம். செம்பனைக் குலை வெட்டுபவர் விடியற்காலையிலிருந்து வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறார். தண்ணீர் போதாமல் சிறுநீர் சுருங்கிப்போனால் அவருக்கு அளவு ஏறும். சீனி போட்ட பானத்தால் தாகம் தீர்த்தால் இன்னும் ஏறும். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்து லாரி ஓட்டுபவருக்கோ காவல் வேலை பார்ப்பவருக்கோ கதை வேறு. உடல் உழைப்பு போய்விட்டது. அந்த உழைப்புக்காகப் பழகிய மூன்று அகப்பைச் சோறும் இனிப்புத் தண்ணியும் போகவில்லை. முதலாமவருக்கு வெறும் தண்ணீர் முதல் மருந்து. இரண்டாமவர் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வயிறு குறையாமல் எண் இறங்குவது கடினம்.

இதய நோய்க்குக் காரணமா, கூட்டாளியா

யூரிக் அமிலம் உயர்ந்தவர்களிடம் ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், சிறுநீரக நோய், மாரடைப்பு எல்லாமே அதிகம் காணப்படுகின்றன. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் சேர்ந்து வருவது வேறு, ஒன்று மற்றதை வரவழைப்பது வேறு. ஆய்வுகள் போன பாதை இது:

1. ஆய்வகச் சோதனைகளில் யூரிக் அமிலம் ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்தது. ரத்தக்குழாயைத் தளர்த்தி வைப்பது அந்த வாயுதான். யூரிக் அமிலத்தை உண்டாக்கும் சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற நொதி, அதே வேலையில் உயிரணுக்களுக்குக் கேடான ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் உண்டாக்குகிறது. ஆகவே சந்தேகத்துக்கு முகாந்திரம் இருந்தது.

2. 2008-இல் அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. புதிதாக ரத்தக் கொதிப்பு கண்ட பதின்ம வயதினர் 30 பேருக்கு அலோபியூரினால் என்ற, யூரிக் அமிலம் குறைக்கும் மாத்திரை தரப்பட்டது. அதை உட்கொண்ட வாரங்களில் 20 பேருக்கு ரத்த அழுத்தம் சரியான அளவுக்கு வந்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரையை அதே பிள்ளைகளுக்குத் தந்த வாரங்களில் ஒருவருக்குத்தான். பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் பெரியவர்களிடம் அதே பலன் நம்பும்படி திரும்பக் கிடைக்கவில்லை.

3. அப்புறம் மரபணு ஆய்வுகள் வந்தன. சிலருக்குப் பிறவியிலேயே யூரிக் அமிலம் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி மரபணு அமைகிறது. அது வயிற்றையோ குடியையோ பார்த்து அமைவதில்லை, சீட்டுக் குலுக்கல் மாதிரி. யூரிக் அமிலமே இதயத்தைக் கெடுக்கிறது என்றால் இவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வர வேண்டும். இவர்களுக்கு கௌட் கூடுதலாக வருகிறது. மாரடைப்பு அப்படிக் கூடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகளில் தெரியவில்லை.

4. 2020-இல் இரண்டு பெரிய ஆய்வுகள், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அலோபியூரினால் கொடுத்துப் பார்த்தன. யூரிக் அமிலம் இறங்கியது; சிறுநீரகம் கெடும் வேகம் குறையவில்லை.

5. 2022-இல் பிரிட்டனிலிருந்து வந்தது ஆல்-ஹார்ட் ஆய்வு. இதயத் தமனி நோய் உள்ள, கௌட் இல்லாத, 60 வயதைத் தாண்டிய 5,721 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு அலோபியூரினாலும் தந்து ஐந்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் என்று எதாவது ஒன்று நேர்ந்தவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 11.0 விழுக்காடு, எடுக்காதவர்களில் 11.3. வேறுபாடு இல்லை என்றே அர்த்தம்.

இந்த ஐந்தையும் அடுக்கிப் பார்த்தால், கௌட் இல்லாதவர் இதயத்தைக் காப்பாற்ற யூரிக் அமிலத்தை மட்டும் இறக்குவதில் பலன் தெரியவில்லை. லோங்காங்கில் ஏறிய தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டுகிறோம். அடைப்பு அங்கேயே இருக்கிறது. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும், அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் உயர்ந்தவருக்கு மருந்து தொடங்க வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 8 மில்லிகிராமைத் தாண்டி, கூடவே சிறுநீரக நோயோ கொதிப்போ இருந்தால் மருந்தை யோசிக்கலாம் என்கிறார்கள். ஆக, வாதம் முழுக்க முடிந்துவிடவில்லை. ஆனால் இதயத்துக்காக யூரிக் அமிலத் தூள் விற்பவர்களுக்குச் சாதகமாக அதில் எதுவும் இல்லை.

கௌட் வந்துவிட்டால் கணக்கு மாறும்

நள்ளிரவில் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகும் வலி. அதுதான் கௌட்டின் வழக்கமான முகம். மூட்டில் படிந்த யூரிக் அமிலப் படிகத்தை உடலின் காவல் அணுக்கள் தாக்குவதால் எழும் அழற்சி அது. முழங்கால், கணுக்காலிலும் வரும்.

இதய நலத்தைப் பொறுத்தவரை இந்த அழற்சிதான் கவலை. 2022-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மாரடைப்போ பக்கவாதமோ வந்த கௌட் நோயாளிகளிடம், அதற்கு முந்தைய 60 நாளுக்குள் கௌட் தாக்கியிருக்கும் வாய்ப்பு, மற்ற கௌட் நோயாளிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. ஆகவே கௌட்டை வெறும் கால்வலி என்று ஒதுக்கக் கூடாது.

கௌட் திரும்பத் திரும்ப வருபவருக்கு அலோபியூரினால் உண்மையிலேயே தேவை. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மருந்து இது; வேறு பல மருந்துகளுக்கும் வழிவகுத்த அவர்களுடைய ஆராய்ச்சிக்காக 1988-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே தொடங்கி, எண் 360-க்குக் கீழே வரும்வரை மெல்ல ஏற்றுவார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி கூடுதலாக வரலாம். படிகம் கரையத் தொடங்குவதன் விளைவு அது. இந்தக் கட்டத்தில்தான் பலர் மாத்திரை ஒத்துவரவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் வலி போனதும் நிறுத்துகிறார்கள். இரண்டுமே தப்பு. ஆனால் தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் கண்டால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அரிதாக உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அது. சீன, தாய்லாந்து வம்சாவளியினரிடம் அதிகமாகக் காணப்படும் ஒரு மரபணு வகையோடு அதற்குத் தொடர்பு உண்டு.

ஃபெபுக்சோஸ்டாட் என்ற மற்றொரு மருந்தின் கதை கொஞ்சம் சுற்றியது. 2018-இல் ஒரு பெரிய ஆய்வு, அலோபியூரினாலைவிட அதில் இதய நோய் மரணம் அதிகம் என்று காட்டியது. 2020-இல் இன்னொரு பெரிய ஆய்வு அப்படி இல்லை என்றது. இதய நோய் உள்ளவருக்கு அதைத் தருமுன் மருத்துவர்கள் இப்போதும் யோசிப்பார்கள்.

பட்டணத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது வேறொன்று: பசார் மாலம் என்ற இரவுச் சந்தையிலும் சில கடைகளிலும் மூட்டு வலிக்கென்று கிடைக்கும் பெயர் தெரியாத ஜாமு (மூலிகை) மாத்திரை. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்று ஆளுக்கு ஆள் சொல்லி விற்பார்கள். இப்படிப்பட்ட தயாரிப்புகளில் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதை மலேசிய சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் உட்கொண்டால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், கொதிப்பை ஏற்றும், முகத்தையும் வயிற்றையும் உப்ப வைக்கும். யூரிக் அமிலத்துக்குப் பயந்து இதயத்துக்குக் கேடு வாங்குவது இப்படித்தான் நடக்கிறது. வலிக்குத் தானாக வாங்கிப் போடும் டிக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகளும் நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அடைப்பு இன்னும் இறுகும்.

பருப்பைக் குற்றவாளியாக்க வேண்டாம்

யூரிக் அமிலம் என்றதும் வீட்டில் முதலில் நிற்பது பருப்புக் கறியும் கீரையும். பாவம், இரண்டும் அந்தப் பழிக்கு ஆளாக வேண்டியவை அல்ல. அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004-இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கௌட் கூடியது. பியூரின் உள்ள காய்கறிகளும் பயறு வகைகளும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பால் பொருட்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. அதே குழுவை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், இனிப்புப் பானம் நாளுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு கௌட் அபாயம், மாதம் ஒருமுறைகூடக் குடிக்காதவர்களைவிட 85 விழுக்காடு அதிகம்.

நம் மேசையில் பார்த்தால் குறைக்க வேண்டியவை ஆட்டு ஈரல், குடல், மூளை, நெத்திலி, டின் சாடின், இறால், பீர். நாசி லெமாக்கின் மேல் கிடக்கும் நாலு நெத்திலியால் ஒன்றும் ஆகிவிடாது. தட்டு நிறைய நெத்திலி சம்பல் வேறு கதை. சோயாவில் செய்யும் தெம்பேயும் தவுவும் பயமில்லாமல் சாப்பிடலாம். கோப்பி குடிப்பவர்களுக்கு யூரிக் அமிலம் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது; சுசு பெகாட் (இனிப்புக் கெட்டிப் பால்) ஊற்றினால் அந்த லாபம் போய்விடும். கூராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்று சொல்லிப் பழகி, பிறகு பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு வருவது பருப்பை விடுவதைவிடப் பலன் தரும். ஆனால் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே எண்ணைத் தலைகீழாக மாற்றிவிடாது. உடல் எடையும் இறங்கினால்தான் மாற்றம் நிலைக்கும். அதையும் பட்டினி கிடந்து இறக்கக் கூடாது. திடீர்ப் பட்டினியே யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

யூரிக் அமிலத்தின் நட்சத்திரக் குறியைப் பார்த்ததும், அதே தாளில் மற்ற வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்:

1. சிறுநீரகம். கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். என்ற வரிகள்; சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டுபவை. இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீரக நோய் என்று பொருள்.
2. லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்ற கணக்கில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.6 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 1.7 அல்லது அதற்கு மேல், நல்ல கொலஸ்ட்ரால் ஆண்களுக்கு 1.0-க்கும் பெண்களுக்கு 1.3-க்கும் கீழே, ரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், முன்பே சொன்ன இடுப்புச் சுற்றளவு. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் மெட்டபாலிக் சின்ட்ரோம், அதாவது இதய நோய்க்கும் இனிப்பு நீருக்கும் வழிவகுக்கும் கோளாறுகளின் கூட்டு. இந்தப் பட்டியலில் யூரிக் அமிலமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது அவற்றோடு கூடவே வருகிறது; தீர்ப்பு சொல்வது மற்றவைதான்.
3. மூட்டு வீக்கமோ சிறுநீரகக் கல்லோ வந்ததுண்டா? வந்திருந்தால் எண்ணுக்குச் சிகிச்சை தேவைப்படலாம்.

முகாமில் யூரிக் அமிலம் மட்டும் பார்த்திருந்தால் மற்றதையும் பார்த்துவிட வேண்டும். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). 2019-இல் தொடங்கிய பெகா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில், குறைந்த வருமானப் பிரிவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரகப் பரிசோதனைகள் இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம்.

கால்விரல் வீங்கி வலியில் துடிக்கும்போது ரத்தம் எடுத்தால் யூரிக் அமிலம் சாதாரண அளவில் காட்டுவதும் உண்டு. கௌட் இல்லை என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. வலி அடங்கி இரண்டு வாரமாவது ஆன பிறகு மறுபடி எடுக்கும் எண்ணைத்தான் மருத்துவர் கணக்கில் வைத்துக்கொள்வார்.